வடிகால் இல்லை என்று நான் எழுதிய பக்கம்

நான் எழுதிய நிதி விண்ணப்பம் ஒன்றை நீங்கள் இன்னும் மாதிரியாக வைத்திருக்கிறீர்கள் என்று போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போன் செய்து, "மேடம், உங்க அப்ளிகேஷனைப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் எழுதறோம். நாலாம் பக்கம் ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்" என்றாள். நாலாம் பக்கத்தில் இருப்பது பொய். எழுதியவள் நான். அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதர் செத்தார். அதற்குப் பிறகு நான் சொன்ன இன்னொரு பொய்யினால் அவர் மனைவி நான்கு வருடம் சொந்தக் குடியிருப்பிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டார்.

அதனால் இதை எழுதுகிறேன். படித்த பிறகு அந்தக் கோப்பை எடுத்துவிடுங்கள். எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது, எந்தச் சொல்லைப் போட்டால் டெல்லியில் பணம் கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாதியைக் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுக்கிறதாம். நல்லது.

குன்னூரில், நீங்கள் இப்போது இருக்கும் இதே சிறிய தொண்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். பதவியின் பெயர் திட்ட அலுவலர். செய்தது விண்ணப்பம் எழுதும் வேலை. மலையில் எது இடிந்தாலும், எது வற்றினாலும், வெளியூர்க்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதி நிதி கேட்பேன். பெரும்பாலும் 'இல்லை' என்று பதில் வரும். சில சமயம் பதிலே வராது. நாங்கள் வாங்கிய நிதியெல்லாம் நாலு தையல் மிஷின், எட்டுக் கழிப்பறை என்கிற அளவில்தான் இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு, மலைப்பகுதிகளுக்கென்று நிதி அறிவித்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்துவது. டெல்லியில் அலுவலகம். எங்களைப் போன்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவு. எழுதிப் பார்ப்போம் என்று எங்கள் செயலாளர் சொன்னார். எதற்குக் கேட்பது என்பதில் எங்களுக்குள் விவாதமே வரவில்லை.

குன்னூரிலிருந்து பர்லியாருக்கு இறங்கும் சாலையில் ஓர் இடத்தில் பிரிந்து, தேயிலைக்கு நடுவே ஒரு மண்பாதை போகும். அது முடிகிற இடத்தில் ஒரே வரிசையில் பன்னிரண்டு லைன் வீடுகள். ஒரு காலத்தில் எஸ்டேட் தன் தொழிலாளர்களுக்குக் கட்டியது. எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்றார்கள். லைனை யாரும் வாங்கவில்லை, அதனால் யாரும் பழுது பார்க்கவும் இல்லை. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள். சுற்றியுள்ள சிறு தோட்டங்களில் கொழுந்து பறித்துப் பிழைப்பவர்கள். வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தான மேடு. மழை வந்தால் மேட்டுத் தண்ணீர் வீடுகளின் முதுகில் இறங்கும். அங்கே ஒரு தடுப்புச்சுவரும் கான்கிரீட் வடிகாலும் வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பொருளாதார ஒத்துழைப்பு அமைப்புக்குச் சுவர் எதற்கு? அதனால் சுவரைப் பொருளாதாரமாக மாற்றினேன். வீட்டுக்குள் மண் இறங்கினால் பறிப்பவர்கள் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் கொழுந்து முற்றும். முற்றினால் தேயிலையின் தரம் குறையும். ஆகவே இந்தச் சுவர் தேயிலை வணிகத்தின் தாங்குதிறனை வளர்க்கும் என்று எழுதினேன். சிரிக்காதீர்கள். நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள். அதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. தூங்குகிறவன் மேல் மண் விழாமல் இருக்க வேண்டும் என்று நேராகக் கேட்பதற்கு அந்தப் படிவத்தில் பெட்டி கிடையாது.

குற்றம் நாலாம் பக்கத்தில். 'தற்போதைய நிலை' என்று ஒரு தலைப்பு. அந்த இடத்தில் ஏற்கனவே வடிகால் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

உண்டு. வீடுகளுக்கு மேலே, மேட்டின் குறுக்காக, முழங்கால் ஆழத்தில் ஒரு வாய்க்கால். மேலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துப் பக்கத்து ஓடையில் தள்ளிவிடும். கையால் வெட்டியது, ஓரத்தில் கல் அடுக்கியது. அவர்கள் அதைக் 'கான்' என்பார்கள். இலங்கைத் தோட்டத்தில் பேசிய சொல், இங்கே வந்தும் விடவில்லை. வருடா வருடம் புரட்டாசியில், ஐப்பசி மழை இறங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு மேலே ஏறுவார்கள். கானில் விழுந்த மண்ணையும் தழையையும் வாரி வெளியே போடுவார்கள். ஆள் அனுப்ப முடியாத வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் டீயும் வடையும் கொடுக்க வேண்டும். கான் எடுப்பது என்று அதற்குப் பெயர். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்தத் திட்டமும் அதற்கு நிதி கொடுத்ததில்லை.

இதை எழுதலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர். கெட்டவர் இல்லை. மழையில் நனைந்துகொண்டே லைன் லைனாக நடந்தவர்.

"வாய்க்கா இருக்குதுன்னு எழுதினா, இருக்கறதையே ரிப்பேர் பண்ணிக்கோங்கன்னு சொல்லிருவாங்கம்மா. ஏற்கனவே ஒண்ணு வெச்சிருக்கறவனுக்கு எவன் குடுப்பான்?"

"அது மண்ணுல வெட்டின வாய்க்காதானுங்க சார். அதை வடிகால்னு சொல்லணும்னு அவசியமில்லையே" என்று நானே வழி எடுத்துக் கொடுத்தேன்.

"பாத்தியா, உனக்கே தெரியுது" என்று சிரித்தார்.

வடிகால் வசதி ஏதும் இல்லை என்று எழுதினேன். நாலு சொல். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

முதல் சுற்றில் தேறிவிட்டோம். புரட்டாசிக் கடைசியில் டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. அலுவலகத்தில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த லைனில் பெண்கள் குழு ஒன்றை நாங்கள் அமைத்திருந்தோம். அதன் தலைவி சரோஜா. கடைசி வீடு அவருடையது. கொழுந்து பறிக்கிறவர். கணவர் ராஜேந்திரனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்பில் வேலை. பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். சரோஜாவை ஏன் தலைவியாக்கினோம் என்றால், எழுதப் படிக்கத் தெரியும், சொன்னதைச் செய்வார். விண்ணப்பத்தில் இதற்கு 'பெண்கள் தலைமை' என்று எழுதியிருந்தேன்.

கடிதம் வந்த வாரத்தில் சரோஜா போன் செய்தார்.

"மேடம், வர்ற ஞாயித்துக்கெழம கான் எடுக்கறோம்ங்க. நீங்களும் வாங்க. இந்தத் தடவ வடை எங்க ஊட்டுல."

எனக்கு என் நாலாம் பக்கம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதிகாரி மேட்டில் ஏறுகிறார். சுத்தமாக வாரிய வாய்க்கால், ஓரத்தில் கல் அடுக்கு. கையில் இருக்கும் தாளைப் பார்க்கிறார். வடிகால் ஏதும் இல்லை.

"இந்த வருசம் வேண்டாம் சரோஜா. அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"ஏனுங்க மேடம்?"

"கையெழுத்தாகறதுக்கு முன்னாடி எந்த வேலையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு அவங்க விதி."

அப்படி ஒரு விதி இருந்தது. ஒப்பந்தத்துக்கு முன் தொடங்கிய கட்டுமானத்துக்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள். அதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. தழை வாருவதை அது தடுக்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"செல்வண்ணன் சத்தம் போடுவாருங்க. கான் எடுக்கலீன்னா அவருக்குத் தூக்கம் வராது."

"நீங்கதானே தலைவி. நீங்க சொல்லி நிறுத்துங்க. ஒரே ஒரு வருசம்."

"செரிங்க மேடம்."

கவனியுங்கள். இடத்தைத் தப்பாக எழுதினேன். பிறகு எழுதியதற்கு ஏற்றபடி இடத்தை மாற்றச் சொன்னேன். நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. ஒரு கொத்தனாரிடம் சொன்னால் காறித் துப்புவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மண்வெட்டிகள் நாங்கள் குழுவுக்கு வாங்கிக் கொடுத்தவை, குழுவின் அறையில் இருந்தன. சரோஜா அறையைப் பூட்டிவிட்டார். செல்வம் என்பவர் கொழுந்து ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர், லைனில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அவர் வாசலில் வந்து நின்று கத்தியிருக்கிறார்.

"பூட்டறதுக்கு நீ யாரு? உங்க ஊட்டு மம்பட்டியா?"

"மேடம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்கண்ணா."

"மேடத்துக்குக் கானப் பத்தி என்ன தெரியும்? அவங்க குன்னூருல மாடியில உக்காந்திருக்காங்க. மழை உம்பட ஊட்டுக்கா வரும், அவங்க ஊட்டுக்கா?"

ராஜேந்திரன் ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு எழுந்து வந்தாராம். "அண்ணா, விடுங்க. எம் பொண்டாட்டிக்கு ஆபீசுல இருந்து ஆர்டர் வருது. இனி நான் ரெண்டாம் சோறு வாங்கறதுக்கே கையெழுத்துப் போடணும் போல" என்றாராம். எல்லாரும் சிரித்துவிட்டுக் கலைந்துபோனார்கள். நான் அவரோடு அதிகம் பேசியதில்லை. இந்த ஒரு பேச்சுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

அதற்கடுத்து டெல்லியிலிருந்து மெயில் வந்தது. அதிகாரிக்கு வேறு பயணம். தீபாவளி கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வருவார். அதைப் படித்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. வெளியே வெயில் அடித்தது. இடையில் கான் எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எடுத்தால் வெள்ளிக்கிழமை சுத்தமாக இருக்கும். மெயிலுக்கு நன்றி என்று பதில் போட்டேன்.

அதிகாரி வரவேண்டிய வாரம், திங்கட்கிழமை மழை பிடித்தது. இந்த மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், சில மழை சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும், சில மழை சத்தமே இல்லாமல் நிற்காமல் பெய்யும். இது இரண்டாவது வகை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சரோஜா போன் செய்தார். பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டது.

"மேடம், மேல கான் ரொம்பிருச்சுங்க. வடக்கோரத்துல வழியுது, எங்க ஊட்டுக்கு நேரா. ஆளுக தயாரா நிக்கிறாங்க. மம்பட்டியக் குடுத்துரட்டுங்களா?"

என் மேசைமேல் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிநிரல் இருந்தது. பத்து மணி, வரவேற்பு. பத்தரை, இடத்தைப் பார்வையிடுதல்.

"இன்னும் மூணே நாளு சரோஜா. வெள்ளிக்கிழமை அவங்க பாத்துட்டுப் போனதும் சாயங்காலமே எடுத்திரலாம்."

"நீங்க சொன்னா செரிதானுங்க மேடம்."

நெருக்கடி என்றால் எல்லாரும் ஓடுவதும் கத்துவதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்க எதுவுமே இருக்காது. நெருக்கடி அந்தப் போனில் இருந்தது. சூடான டீ பக்கத்தில் இருந்தது. 'குடுங்க' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சரோஜாவுக்கு என் அனுமதியே தேவையில்லை, மேடு அவர் தலைக்கு மேல் இருந்தது, என் தலைக்கு மேல் இல்லை. ஆனால் அனுமதி கேட்க வேண்டும் என்று அவரைப் பழக்கியவள் நான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மேடு சரிந்து இறங்கியது. சரோஜா பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கொழுந்துக்குப் போயிருந்தார். பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு வெளியே ஓடிவிட்டார்கள். மூன்று வீடுகள் போயின. கடைசி வீட்டில் ராஜேந்திரன் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. சாலையில் மரம் விழுந்து, ஜேசிபி வர நேரமாகி, அங்கிருந்தவர்களே தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் மண்வெட்டி இருந்தது. அறையின் பூட்டை உடைத்து எடுத்திருந்தார்கள்.

கான் எடுத்திருந்தால் மேடு நின்றிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பிறகு ஒரு பொறியாளர் என்னிடம் சொன்னார். நல்ல மனிதர், ஆறுதலுக்குச் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். மண் அறுந்த இடம், கான் அடைத்துக்கொண்டு வழிந்த அதே வடக்கோரம். என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பொறியாளர் தேவையில்லை.

இனிதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

லைனில் இருந்தவர்களை அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். மறுநாள் மருத்துவமனையிலிருந்து ராஜேந்திரனின் உடல் அங்கேதான் வந்தது. நானும் செயலாளரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். சரோஜா உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்தார். வெளியே ஆண்கள். செல்வம் எழுந்து என்னிடம் வந்தார். மண் தோண்டிய விரல்களில் கட்டு. சத்தம் போடவில்லை, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்ங்க. கான் எடுக்க வேண்டாம்னு நீங்களா சொன்னீங்க? சரோஜா அப்படித்தான் சொல்லுது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் என் பக்கத்தில் நின்றார். லேசாகத் தொண்டையைச் செருமினார். போலீஸ், பத்திரிகை, டெல்லி, அலுவலகத்தில் இருக்கும் எட்டுப் பேர் சம்பளம், எல்லாம் என் தலைக்குள் ஒரே நேரத்தில் வந்தன. இவ்வளவு பேருக்காகத்தான் சொன்னேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது இருந்தது வெறும் பயம்.

"நான் அப்படிச் சொல்லலீங்க. பாத்துச் செய்யுங்கன்னுதான் சொன்னேன். சரோஜா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க போல."

செல்வம் என்னையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். "செரிங்க" என்றார். நம்பிவிட்டார். கான் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்ட மனிதர், இதை நம்பிவிட்டார்.

உள்ளேயிருந்து ஓர் அம்மா சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அவளே பூட்டிப் போட்டு அவளே புருசனக் காவு குடுத்துட்டா."

மாலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

தள்ளிப்போன பார்வையிடல் இரண்டு வாரம் கழித்து நடந்தது. வந்தவர் சின்ன வயதுப் பெண் அதிகாரி. நல்ல ஷூ போட்டு வந்திருந்தார், யார் கையையும் பிடிக்காமல் மேட்டில் ஏறினார். தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். மண் சரியாத பக்கத்தில் கான் இன்னும் இருந்தது, ஓரக் கல்லோடு. அதைக் காட்டி இது என்ன என்று என்னைக் கேட்டார். பழைய வாய்க்கால் என்றேன். அதிகாரி காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டுச் செல்வம் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். தன் அப்பா காலத்தில் வெட்டியது, வீட்டுக்கு ஓர் ஆள், டீ, வடை எல்லாம் சொன்னார். மொழிபெயர்க்காமல் இருக்க முடியவில்லை.

அதிகாரி நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை? மக்கள் தாங்களே பராமரிக்கும் ஒன்று இருந்தால் நாங்கள் அதற்குத் தனியாக மதிப்பெண் தருகிறோமே. வழிகாட்டிக் குறிப்பிலேயே இருக்கிறதே."

இருந்தது. அன்று சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பகுதியை நான் படித்ததே இல்லை. தேவைப்படாது என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

"இந்த வருடம் ஏன் அள்ளவில்லை?" என்று கேட்டார்.

"மழை முந்திக்கொண்டது" என்றேன்.

"என்ன சொல்றாங்க மேடம்?" என்று செல்வம் கேட்டார்.

"ரொம்ப வருத்தப்படறாங்க" என்றேன்.

நிதி கிடைத்தது. கூடுதலாக ஒரு பத்தி கேட்டார்கள், சமீபத்திய விபத்தைப் பற்றி. எழுதினேன். மதிப்பீட்டுக் குழுவைப் பாதித்தது அந்தப் பத்திதான் என்று பிறகு சொன்னார்கள். சுவர் கட்டினோம். நல்ல சுவர், குறை சொல்ல முடியாது. கான்கிரீட் வடிகாலும் இருக்கிறது. விழுந்த மூன்று வீடுகளையும் கட்டிக் கொடுத்தோம். சரோஜா அந்தக் கடைசி வீட்டுக்கே திரும்பி வந்தார். வேறு எங்கே போவார்?

குழுவுக்கு வேறு தலைவி வந்தார். சரோஜாவோடு யாரும் சண்டை போடவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். கொழுந்துக்குப் போகும் ஜீப்பில் அவர் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். விசேஷத்துக்குச் சொல்லமாட்டார்கள். மேடம்தான் சொன்னாங்க என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். சொல்லலீன்னு மேடமே எங்ககிட்ட சொல்லிட்டாங்களே என்று பதில் வந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். சுவர் வேலையைப் பார்க்க வாராவாரம் போய்க்கொண்டிருந்தவள் நான்.

ஒருமுறை போன் செய்தார். அழவில்லை, திட்டவில்லை.

"மேடம், ஒருக்கா வந்து அவங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்ங்க."

"வரேன் சரோஜா" என்றேன்.

போகவில்லை. வேலை நடக்கும்போது பேச்சு கிளம்பினால் திட்டம் நின்றுவிடும், முடிந்ததும் போகலாம் என்றிருந்தேன். முடிந்ததும் இறுதி அறிக்கை வந்தது. பிறகு தணிக்கை. பிறகு ஓய்வு பெற்றேன், மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள், அந்தச் சுவரைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். நல்லது செய்து முடிப்பதற்காக ஓர் உண்மையைத் தள்ளிப்போடுகிறேன் என்று உங்களில் யாராவது சொன்னால், நீங்கள் அதைச் சொல்லவே போவதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித் தள்ளிப்போட்டவள்தான்.

நாலாம் பக்கம் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் போனில் சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். ஞாயிறு என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். செல்வம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாரையும் கொஞ்சம் வரச்சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏதோ புதுத் திட்டம் என்று நினைத்துச் சுறுசுறுப்பாக வந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கூட எடுத்து வந்திருந்தார். சரோஜா தன் வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

நின்றபடியே சொன்னேன். கான் எடுக்க வேண்டாம் என்று சொன்னது நான். இரண்டு தடவை சொன்னேன். செவ்வாய்க்கிழமை மழையில் கேட்டபோதும் வேண்டாம் என்றேன். கான் எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் உங்களிடம் சொன்னது பொய். சரோஜா சொன்னதுதான் உண்மை. மன்னிப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி இல்லை என்பதால் மட்டும் இல்லை, கேட்டால் அவர்கள் மரியாதைக்காகக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம்.

செல்வம் ஜீப் துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க மேடம். பொணத்த வெச்சுக்கிட்டுத்தானுங்க கேட்டேன்."

"இப்ப அடுத்த மழைக்கு நாங்க என்ன பண்ணட்டும்ங்க? அதையும் சொல்லிட்டுப் போயிருங்க" என்றார் பின்னால் நின்ற ஓர் ஆள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு செல்வம் சரோஜா பக்கம் திரும்பினார். நான்கு வருடத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். "தாயி, எங்களுக்கு என்ன தெரியும், இவங்க அப்படிச் சொல்லவும்..." என்று இழுத்தார். சொல்லி முடிக்க வரவில்லை. பெண்கள் இரண்டு பேர் சரோஜாவின் வாசலை நோக்கி நடந்தார்கள்.

சரோஜா எழுந்து கையைச் சேலையில் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர்களைத்தான் பார்த்தார்.

"நாலு வருசமா இதையேதான் நான் சொன்னேன். மாரியம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சொன்னேன். எம் புருசன் மேல சொன்னேன். ஒருத்தரும் நம்பலே. இந்தம்மா வந்து நின்னு ரெண்டு வார்த்தை சொன்னதும் நம்பிட்டீங்க. பொய் சொன்னவங்க இவங்க. அப்பவும் இவங்க பேச்சுத்தான் உங்களுக்குப் பேச்சு."

வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். சரோஜா துலக்கிய பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

நான் மண்பாதையில் ஏறிச் சாலைக்கு வந்தேன்.